வெள்ளவத்தைக்கு எத்தனை பைட்டு? சி நிரல்களின் நினைவகப் பிழைகளைக் கருவி வைத்துப் பிடித்தல்

'வெள்ளவத்தை' என்ற பெயரில் எத்தனை எழுத்து? வெ, ள், ள, வ, த், தை என்று விரல்விட்டு எண்ணினால் ஆறு. உயர்தரத்தில் பழகிய பைதனிடம் 'லென்' போட்டுக் கேட்டால் பத்து என்கிறது. கொம்பு ஒன்று, புள்ளி இரண்டு, ஐகாரக் குறி ஒன்று ஆகிய நான்கையும் அது தனித்தனியே எண்ணுகிறது. சி மொழியில் இதே பெயரை வைக்க 31 பைட்டு வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பிடிக்கும். பத்துக் குறியீட்டுக்கு முப்பது. சரம் இங்கே முடிகிறது என்று காட்டும் சுழியப் பைட்டு கடைசியில் ஒன்று.

பைதனில் இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படுவதில்லை, இடத்தை அதுவே ஒதுக்கி அதுவே விடுவித்துக்கொள்ளும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி அந்தப் பொறுப்பை எழுதுபவரிடமே விட்டுவிட்டது. கேட்ட அளவு இடம் தரும், அதற்கு மேல் எழுதினால் தடுக்காது. பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் சி படிக்கத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

(நிரல் வரிகளையும் கட்டளைகளையும் இங்கே வாசிக்கும் ஒலியில் தமிழில் தந்திருக்கிறோம். டேர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

தெஹிவளை ஓடும், வெள்ளவத்தை முறியும்

காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸின் தரிப்பிடங்களைக் கோப்பிலிருந்து வாசித்துப் பட்டியலிடும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் எழுத்தை எண்ணி, முடிவுப் பைட்டுக்கு ஒன்று கூட்டி, நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மலொக் சார்பிடம் கேட்கிறார். தெஹிவளைக்கு 5 பைட்டு, வெள்ளவத்தைக்கு 7. பிறகு ஸ்டர்கொப்பி கொண்டு பெயரை அதில் பிரதி செய்கிறார்.

இரண்டுமே தவறு. ஆனால் தெஹிவளையில் ஒன்றும் நடக்காது. 64-பிட் லினக்ஸில் க்னூ சி நூலகத்தின் மலொக், 5 பைட்டு கேட்டாலும் 7 பைட்டு கேட்டாலும் குறைந்தபட்சம் 32 பைட்டுத் துண்டைத்தான் வெட்டும். அதில் 8 பைட்டு மலொக்கின் சொந்தக் கணக்குக்கு, மீதி 24 நமக்கு. தெஹிவளைக்கு வேண்டியது 22 பைட்டு. தற்செயலாக அடங்கிவிடுகிறது.

வெள்ளவத்தைக்கு 31 வேண்டும். 24க்கு மேல் போகும் ஏழு பைட்டும் அடுத்த துண்டின் தலையில் உள்ள அளவுக் குறிப்பின் மேல் விழுகின்றன. அந்தக் குறிப்பு மலொக்கின் கணக்குப் புத்தகம். அதில் இப்போது 'த்தை' என்பதன் வால் எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த வரியில் நிரல் முறியாது, ஏனென்றால் புத்தகத்தை யாரும் இன்னும் திறக்கவில்லை. அடுத்து, திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் வருகிறது. முதல் தடவை அச்சிடும்போது அது தனக்கென ஓர் இடையகம் (எழுத்தைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) வேண்டுமென்று மலொக்கிடம் கேட்கும். அப்போதுதான் கணக்குப் பிசகியது தெரிந்து, 'மலொக்: கரப்டட் டொப் சைஸ்' என்ற ஒரு வரியோடு நிரல் நிறுத்தப்படும்.

ஓடும் நிரலை நிறுத்தி ஆராயும் ஜிடிபி கருவியைத் திறந்து எந்த வரியில் முறிந்தது என்று பார்த்தால் அது பிரிண்ட்எஃப்பைக் காட்டும். பொய் சொல்லவில்லை, முறிந்தது அங்கேதான். பிழையோ சில வரிகளுக்கு முன்னால், முற்றிலும் ஒழுங்காக முடிந்ததுபோல் தெரிந்த ஸ்டர்கொப்பியில் கிடக்கிறது. பெரிய நிரலில் இந்த இடைவெளி சில வரிகளாக இராது. வேறொரு கோப்பாக, சில நேரம் வேறொரு நாளாகவே இருக்கும். நினைவகப் பிழைகளுக்கெனத் தனிக் கருவிகள் எழுந்ததற்குக் காரணமே இந்த இடைவெளிதான். முறியும் வரை காத்திராமல், தவறான பைட்டைத் தொட்ட அதே கணத்தில் அவை கையைப் பிடிக்கின்றன.

கருவியைப் பூட்டுதல்

இரண்டு கருவிகள் போதும். ஒன்று கூகுள் பொறியியலாளர்கள் உருவாக்கி 2012இல் ஆய்வுக்கட்டுரையாகவும் வெளியிட்ட அட்ரஸ் சானிட்டைசர். சுருக்கமாக ஏசான் என்பார்கள். சி நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் ஜிசிசி கொம்பைலரின் 4.8ஆம் பதிப்பு முதல் அதோடு சேர்ந்தே வருகிறது. மற்றது ஜூலியன் சீவர்ட் தொடங்கி 2002இல் வெளிவந்த வல்கிரிண்ட். பலர் 'வல்கிரைண்ட்' என்று சொல்வார்கள்; அதை ஆக்கியவர்களே குறில் இகரம் போட்டுச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள்.

லப்டொப்பில் விண்டோஸ் இருந்தால் முதலில், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டவிடும் டபிள்யூஎஸ்எல் வழியே உபுண்டு லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். வல்கிரிண்ட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. உபுண்டுவுக்குள் 'சூடோ அப்ட் இன்ஸ்டோல் ஜிசிசி வல்கிரிண்ட்' என்று ஒரு வரி கொடுத்தால் இரண்டும் வந்துவிடும்.

ஏசானுக்கு நிரலை அதற்கென்றே மீண்டும் கொம்பைல் செய்ய வேண்டும்:

ஜிசிசி -ஜி -ஓ1 -வோல் -எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ் -எஃப்நோ-ஒமிட்-ஃப்ரேம்-பொயிண்டர் தரிப்பு.சி -ஓ தரிப்பு

முதலாவது ஓ பெரிய எழுத்து, ஒட்டியபடி எண் 1. கடைசி ஓ சின்ன எழுத்து, அதன் பின்னால் வருவது வெளியீட்டுக் கோப்பின் பெயர். -ஜி இல்லாவிட்டால் அறிக்கையில் வரி எண் வராது, வெறும் முகவரி எண்களை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். பல கோப்புகளைத் தனித்தனியே கொம்பைல் செய்து பிறகு இணைக்கிறீர்கள் என்றால் சானிட்டைஸ் தெரிவை இணைக்கும் கட்டத்திலும் கொடுக்க வேண்டும். மறந்தால் இணைப்பி 'ஏசான்' என்ற பெயரோடு வரும் சார்புகளைக் காணோம் என்று நீளமாகப் புலம்பும். பலர் நிரலில்தான் கோளாறு என்று எண்ணி அங்கே தேடுவார்கள்.

அறிக்கையை எந்த ஒழுங்கில் வாசிப்பது

வெள்ளவத்தையைக் கொடுத்து ஏசானோடு ஓட்டினால் நம் நிரல் ஸ்டர்கொப்பியிலேயே நின்றுவிடும். திரை நிறைய எழுத்து கொட்டும். பயந்து மேலே உருட்டுவதற்கு முன், அதில் உண்மையில் வேண்டியது நான்கே வரி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வரி பிழையின் வகை: 'ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ'. மலொக்கில் பெற்ற இடத்தின் எல்லையைத் தாண்டியிருக்கிறீர்கள். அடுத்த வரி 'ரைட் ஒஃப் சைஸ் 31'. வாசித்ததா எழுதியதா, எத்தனை பைட்டு என்பது இங்கே தெரியும். 31 என்ற எண்ணைப் பார்த்ததுமே பாதிக் கதை விளங்கிவிடுகிறது. அதன் கீழ், எது எதை அழைத்தது என்று காட்டும் சார்புகளின் அடுக்கு. சுழியம் என்று இலக்கமிட்ட முதல் அடுக்கில் நூலகத்தின் ஸ்டர்கொப்பி நிற்கும். அதைத் தாண்டிக் கீழே வந்து, உங்கள் சொந்தக் கோப்பின் பெயர் முதலில் வரும் வரியைப் பிடியுங்கள். திருத்த வேண்டியது பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான்.

நான்காவது வரியைத்தான் தொடக்கநிலையில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். '7 பைட்டுப் பகுதிக்கு 0 பைட்டு அப்பால்' என்ற பொருளில் ஒரு வரி, அதன் கீழ் அந்த இடம் எங்கே ஒதுக்கப்பட்டது என்று இன்னோர் அடுக்கு. நம் எடுத்துக்காட்டில் ஸ்டர்கொப்பி மீது குற்றமே இல்லை. 31 பைட்டுப் பெயரை 31 பைட்டாகவே பிரதி செய்தது. பிசகு மலொக் வரியில். எழுத்தை எண்ணிப் போட்ட 7ஐ எடுத்துவிட்டு பெயரின் பைட்டுகளை எண்ணும் ஸ்டர்லென் தரும் எண்ணோடு 1 கூட்டிக் கொடுத்தால் தீர்ந்தது. அந்த 1ஐ மறப்பது இன்னொரு புகழ்பெற்ற தவறு. அப்போது அறிக்கை '30 பைட்டுப் பகுதிக்கு 0 பைட்டு அப்பால்' என்று வரும். 'சைஸ் 31, பகுதி 30' என்று ஒன்றே ஒன்று குறைந்து நின்றால் சுழியப் பைட்டைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

அறிக்கையின் அடியில் எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு கட்டம் இருக்கும். ஏசான் எப்படி வேலை செய்கிறது என்பதே அதற்குள் இருக்கிறது. நிரலின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட்டு வைத்து அது கணக்குப் பார்க்கிறது. நிழலில் 00 என்றால் எட்டுமே தொடலாம். 1 முதல் 7 வரை ஓர் எண் என்றால் முதல் அத்தனை பைட்டு மட்டும் தொடலாம். 'எஃப்ஏ' என்பது ஒதுக்கிய துண்டுகளுக்கிடையே வேண்டுமென்றே விட்ட செவ்வலயம், 'எஃப்டி' விடுவித்த இடம். நம் அறிக்கையில் சதுர அடைப்புக்குள் 07 நிற்கும், அதன் வலப்பக்கம் எஃப்ஏ வரிசை. ஏழு பைட்டுக்கு மேல் கால் வைக்காதே என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு வாசிப்புக்கும் எழுதலுக்கும் முன்னால் இந்த நிழலைப் பார்க்கும் சிறு துண்டுக் குறிமுறையைக் கொம்பைலர் செருகிவிடுகிறது. அதனால் நிரல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாகும், அவ்வளவுதான்.

நிழலுக்காக அது முன்பதிவு செய்யும் மாயநினைவக முகவரிவெளி 64-பிட் கணினியில் டெராபைட் கணக்கில் இருக்கும். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் 'டொப்' கட்டளையில் அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், உண்மையான ரேம் அவ்வளவு போகாது. ஆனால் ஆய்வுகூடக் கணினியில் யூலிமிட் கொண்டு மாயநினைவகத்துக்கு வரம்பு போட்டிருந்தால் நிரல் தொடங்கும்போதே விழுந்துவிடும்.

திறப்பைக் கொடுத்த பிறகும் வீட்டுக்குள்

வாடகைக்கு எடுத்த அனெக்ஸைக் காலி செய்து திறப்பைக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த நகல் திறப்பால் மறுபடி உள்ளே போவதுபோன்ற பிழை ஒன்று உண்டு. புதிய ஆள் குடிவரும் வரை எல்லாம் பழையபடி இருப்பதால் யாருக்கும் தெரியாது. விடுவித்த இடத்தைப் பயன்படுத்தல், அறிக்கையில் 'ஹீப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ'.

இடத்தை விடுவிக்க ஃப்ரீ செய்த அடுத்த வரியிலேயே, அந்த இடத்தின் முகவரியை வைத்திருக்கும் சுட்டியைத் தொடுவதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். கண்ணுக்குப் படாதது, ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலொக் வழியே வருவது. தரிப்பிடங்களுக்கு நான்கு இடம் கொண்ட அணியை மலொக்கில் பெற்று, முதல் தரிப்பிடத்துக்கு ஒரு சுட்டியை எடுத்து வைத்திருக்கிறோம். ஐந்தாவது தரிப்பிடம் வந்ததும் அணியை எட்டாகப் பெருக்க ரீஅலொக்கை அழைக்கிறோம். பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் ரீஅலொக் அதே இடத்தை நீட்டிவிடும், பழைய சுட்டி தொடர்ந்து செல்லும். இல்லாவிட்டால் வேறிடத்துக்கு மாற்றிப் பழையதை விடுவித்துவிடும். நாம் எடுத்து வைத்த சுட்டி இப்போது காலி வீட்டின் திறப்பு. ஐந்து தரிப்பிடத்துக்குச் சரியாக ஓடும் நிரல் ஐம்பதுக்குக் குப்பை எழுத்துகளைக் காட்டுவது இப்படித்தான்.

ஏசான் இங்கே நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. அதன் ரீஅலொக் எப்போதும் புதிய இடத்துக்கே மாற்றும். விடுவித்த இடத்தை உடனே மறுபடி யாருக்கும் கொடுக்காமல், வழமையில் 256 மெகாபைட்டு சேரும் வரை தனிமைப்படுத்தி வைக்கும். ஆகவே ஐந்தாவது தரிப்பிடத்திலேயே பிழை வெளிப்பட்டுவிடும். இந்த அறிக்கையில் மூன்று அடுக்கு இருக்கும்: எங்கே தொட்டீர்கள், எங்கே விடுவிக்கப்பட்டது, எங்கே ஒதுக்கப்பட்டது. நடுவில் உள்ளதை முதலில் பாருங்கள். அங்கே ரீஅலொக் இருந்தால், சுட்டியைச் சேமிப்பதை விட்டுவிட்டு அணியின் எத்தனையாவது என்ற சுட்டெண்ணைச் சேமிப்பதே நிலையான மருந்து.

ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவைச் சுட்டும் தொடரும் பட்டியலை அழிக்கும்போது கணுவை ஃப்ரீ செய்துவிட்டு அதற்குள் இருக்கும் 'அடுத்தது' சுட்டியைப் படிப்பதும் இதே இனம். ஃப்ரீக்கு முன் அடுத்ததைத் தனி மாறியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏசானுக்குத் தெரியாதது, வல்கிரிண்டுக்குத் தெரிவது

பஸ் கட்டணங்களைக் கூட்ட 'மொத்தம்' என்ற மாறியை அறிவித்துவிட்டு, சுழியத்தில் தொடங்க மறந்துவிட்டீர்கள். அந்த இடத்தில் முன்பு கிடந்த ஏதோ ஓர் எண்ணோடு கட்டணம் கூடும். உங்கள் கணினியில் சுழியம் கிடந்தால் விடை சரி, நண்பரின் கணினியில் கோடிக்கணக்கில் கட்டணம். ஏசான் இதைக் கண்டுகொள்ளாது. தொட்ட இடம் உங்களுடையதுதானே! -வோல் போட்டிருந்தால் எளிய வடிவங்களைக் கொம்பைலரே எச்சரிக்கும். அதைத் தாண்டி வருபவற்றுக்கு வல்கிரிண்ட்.

இதற்கு ஏசான் இல்லாமல், -ஜி -ஓ0 மட்டும் கொடுத்துக் கொம்பைல் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நிரலில் கலக்கக் கூடாது, ஒன்றோடொன்று மோதும். பிறகு:

வல்கிரிண்ட் --லீக்-செக்=ஃபுல் --டிராக்-ஒரிஜின்ஸ்=யெஸ் ./தரிப்பு

வல்கிரிண்ட் உங்கள் நிரலை ஒரு செயற்கைச் செயலியின் மேல் ஓட்டுகிறது. நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் 'இதில் உண்மையான மதிப்பு வைக்கப்பட்டதா' என்ற குறிப்பு வைத்திருக்கிறது. அதனால்தான் நிரல் இருபது முப்பது மடங்கு மெதுவாக ஓடும். பத்து விநாடி வேலைக்கு ஒரு தேநீர் குடிக்கலாம்.

மதிப்பிடாத மாறியைப் பிரதி செய்தாலோ கூட்டினாலோ அது உடனே கத்தாது. அந்த மதிப்பை வைத்து இஃப் போன்ற ஒரு முடிவு எடுக்கும்போதோ திரைக்கு அனுப்பும்போதோதான் 'கண்டிஷனல் ஜம்ப்... அன்இனிஷியலைஸ்ட்' என்ற செய்தி வரும். அதாவது இங்கேயும் காட்டும் வரி ஒன்று, பிழை வேறொன்று. மேலே கொடுத்த ஒரிஜின்ஸ் தெரிவு, அந்தக் குப்பை மதிப்பு பிறந்த இடத்தைக் கூடவே சொல்லும். கொஞ்சம் மேலும் மெதுவாகும், ஆனால் தொடக்கநிலையில் அதை அணைத்து வைக்கக் காரணமே இல்லை.

ஏசான் முதல் பிழையில் நின்றுவிடும். வல்கிரிண்ட் நிற்காமல் ஓடி எல்லாவற்றையும் அடுக்கும். வெள்ளவத்தையின் 31 பைட்டில் 7 போக 24 வெளியே விழுகிறது. வல்கிரிண்டின் ஸ்டர்கொப்பி பைட்டு பைட்டாக எழுதுவதால் அந்த ஒரே வரி 24 பிழையாக எண்ணப்படும். அச்சிடும்போது நடக்கும் வாசிப்புகள் அதற்கு மேல். கடைசியில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். மேலே முதலில் வந்ததைத் திருத்தி, மறுபடி ஓட்டுங்கள். பாதிக்கு மேல் தானாக மறையும்.

மறுபக்கம், சார்புக்குள் அறிவித்த அணியின் எல்லையைத் தாண்டினால் வல்கிரிண்ட் பெரும்பாலும் கவனிக்காது. ஏசான் பிடிக்கும். இரண்டையும் வைத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

கசிவு

மலொக்கில் பெற்றதை விடுவிக்காமல் சுட்டியைத் தொலைத்தால் கசிவு. வீட்டுப்பாட நிரலில் இது பெரிய தீங்கல்ல, நிரல் முடிந்ததும் இயங்குதளம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் சேவையகத்தில்தான் இது கழுத்தை நெரிக்கும். வல்கிரிண்ட் கசிவை நான்காகப் பிரிக்கும். 'டெஃபினிட்லி லொஸ்ட்' என்பதை மட்டும் முதலில் தீருங்கள். 'இன்டைரெக்ட்லி லொஸ்ட்' அதைத் தொங்கிக்கொண்டிருந்தவை, தாய் தீர்ந்தால் பிள்ளைகளும் தீரும். 'பொஸிப்லி லொஸ்ட்' துண்டின் நடுவில் சுட்டி நிற்கும் சந்தேக நிலை. 'ஸ்டில் ரீச்சபிள்' பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆனால் 64-பிட் லினக்ஸில் 472 பைட்டு ஸ்டில் ரீச்சபிள் என்று வந்தால், பெரும்பாலும் எங்கோ எஃப்ஓப்பன் செய்த கோப்பை மூடாமல் விட்டிருக்கிறீர்கள்.

கசிவு அதிகம் ஒளிந்திருப்பது இடையில் திரும்பிவிடும் வழிகளில்: கோப்பில் பிழை கண்டு பாதியிலேயே ரிட்டர்ன் செய்யும் வரிக்கு மேலே ஒரு மலொக். லினக்ஸில் ஏசானும் நிரல் முடியும்போது கசிவைச் சொல்லும். ஜிடிபிக்குள் வைத்து ஓட்டினால் மட்டும் அந்தப் பகுதி வேலை செய்யாது.

இரண்டும் மௌனமாக இருக்கும் இடம்

தரிப்பிடத்துக்கு, பல மாறிகளை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்ட் ஒன்றை வரையறுக்கிறோம்: பெயருக்கு 32 பைட்டு அணி, அடுத்துக் கட்டணம், அடுத்துத் தூரம். வெள்ளவத்தை 31, ஒரு பைட்டு மிச்சத்தோடு அடங்குகிறது. பம்பலப்பிட்டி 40. மீதி எட்டுப் பைட்டும் கட்டணத்தின் மேலும் தூரத்தின் மேலும் விழும். ஏசான் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அந்த எட்டுப் பைட்டும் உங்கள் ஸ்ட்ரக்டுக்குள்தான் இருக்கின்றன. வல்கிரிண்டும் அப்படியே. செவ்வலயம் துண்டுகளுக்கு வெளியேதான், உறுப்புகளுக்கு நடுவில் இல்லை.

இதற்கு மூன்றாவது வழி: ஏசான் இல்லாமல் -ஓ2 உடன் 'ஃபோர்டிஃபை சோர்ஸ்' என்ற மாறிலியை 2 என்று வரையறுத்துக் கொம்பைல் செய்வது. அதில் ஸ்டர்கொப்பி, உறுப்பின் 32 பைட்டு எல்லையையே பார்த்து 'பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டட்' என்று நிறுத்தும். இதையும் ஏசானோடு கலக்க வேண்டாம். நிரலிலோ, ஸ்டர்கொப்பிக்குப் பதில் எழுதும் அளவுக்கு வரம்பு வைக்கும் எஸ்என்பிரிண்ட்எஃப் போட்டு, வரம்பாக அணியின் பைட்டு அளவைத் தரும் சைஸ்ஒஃப் கொடுத்து, அது திருப்பித் தரும் எண் 32ஐ எட்டியதா என்று பாருங்கள். பார்க்காமல் விட்டால் பெயர் 31ஆவது பைட்டில் வெட்டுப்படும். பம்பலப்பிட்டியின் பத்துக் குறியீடு போக எஞ்சிய ஒரு பைட்டு, மூன்று பைட்டு எழுத்தின் தலைத்துண்டாகக் கேள்விக்குறிக் கட்டமாய்த் திரையில் நிற்கும். அதை நினைவகப் பிழை என்று எந்தக் கருவியும் சொல்லாது.

இந்தக் கருவிகள் ஓடிய வழியை மட்டுமே சோதிக்கும் என்பதால் சோதனைத் தரவைத்தான் கவனமாகத் தேர வேண்டும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொடுத்துப் பார்த்தால் பாதிப் பிழை வெளியே வராது. முடிவுப் பைட்டையும் சேர்த்து கோட்டை 19, தெஹிவளை 22, வெள்ளவத்தை 31, பம்பலப்பிட்டி 40, கொள்ளுப்பிட்டி 43. கடைசிப் பெயரை இரண்டு விதமாகத் தட்டி வையுங்கள். சில விசைப்பலகைகள் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகத் தரும், சில கொம்பையும் காலையும் தனித்தனியே தரும். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டாவது விதத்தில் கொள்ளுப்பிட்டிக்கு 46 பைட்டு.